பாம்புச் சட்டையும் கோட்டைச் சுவரும்

கடப்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். மூன்றரைப் பக்கம் பிள்ளையைப் பற்றி. அரைப் பக்கம் பாம்பைப் பற்றி!

கணவருக்கு மாற்றலாகி, சென்னையை விட்டு அங்கே போய் இரண்டு வருஷமாகிறதாம். இவர் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர். அருகிலேயே ஆலம்பரைக் கோட்டை. கேட்க வேண்டுமா? 1750ல் முஸாபர் ஜங் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தது, 1760ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்துத் தள்ளியது, உப்பும் சரிகைத் துணியும் அங்கிருந்து கப்பலேறியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். பதினான்கு வயது மகனை ஞாயிறுதோறும் அழைத்துப் போய்ச் சொல்லுவார். அவனோ உப்பங்கழி ஓரத்தில் உட்கார்ந்து நண்டு வளையைப் பார்த்துக் கொண்டிருப்பான்.

ஒரு நாள் அவன் அலமாரியைச் சுத்தம் செய்தபோது முழ நீளத்துக்குப் பாம்புச் சட்டை ஒன்று கையில் வந்தது. அலறிவிட்டார். அந்த வேகத்தில் சட்டை, கிளிஞ்சல், நண்டோடு, கூடவே ஒரு கிழிந்த நோட்டு எல்லாம் குப்பைக்குப் போயின. பையன் சண்டை போடவில்லை; அழவும் இல்லை. பதினெட்டு நாளாகப் பேசவில்லை, அவ்வளவுதான். "சாதம் போடட்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறான். என் பிள்ளை எனக்கு அந்நியனாகி விட்டானா?" என்று கேட்கிறார்.

அம்மணி, பாம்புச் சட்டை போனதற்காக அவன் வருந்தியிருக்க மாட்டான். இன்னொன்று கிடைக்கும். போனது அந்த நோட்டு. பட்டணத்துச் சிநேகிதர்களை விட்டுவிட்டு வந்த பையன், இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அதில் எழுதி வைத்திருப்பான். அதில் என்ன இருந்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. பிரித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் ஊர்ச் சாலையிலேயே வடக்கே போனால், மாமல்லபுரத்தைத் தாண்டி வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976ல் அதை ஆரம்பித்தவர் ராமுலஸ் விட்டேகர். 1943ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வருவார். தாயார் டோரிஸ் ஓவியம் வரைகிறவர். பாம்பு சாஸ்திரம் படித்தவர் அல்ல. ஆனாலும் பையனையோ பாம்பையோ விரட்டவில்லை. பாம்புகளைப் பற்றிய புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பிறகு அவர் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகனை மணந்து, 1951ல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. கோடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தபோது பையன் மலைப்பாம்பு வளர்த்தானாம்! (விடுதிக் காப்பாளரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.) அந்தப் பிள்ளைதான் பின்னால் சென்னையில் பாம்புப் பண்ணை அமைத்தவர், 2018ல் பத்மஸ்ரீ வாங்கியவர்.

உங்கள் மகனுக்கும் பட்டம் வரும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. நாளைக்கே அவன் மனம் கிரிக்கெட்டுக்குத் தாவலாம். டோரிஸ் அம்மாளுக்குப் பாம்பின் மேல் ஆசை வந்ததா என்பது முக்கியமில்லை. தெரியாத விஷயத்தில் பிள்ளையைப் பேசவிட்டுக் கேட்டாரே, அதைச் சொல்கிறேன்.

சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் தாயார் சுசீலாவுக்கு ஆட்டம் தெரியும்; மகனுக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். மணிலாவில் குடியிருந்தபோது, மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் டெலிவிஷனில் சதுரங்கப் புதிர் வரும். அதை எழுதி வைத்துக் கொள்வார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள்.

நீங்களும் எழுதலாமே. புது நோட்டு ஒன்று வாங்குங்கள். "பழையதைத் தூக்கிப் போட்டது என் தப்பு. அதில் இருந்ததைச் சொல்லு, நான் எழுதித் தருகிறேன்" என்று கேளுங்கள். முதல் நாள் 'ஒன்றும் வேண்டாம்' என்பான். நோட்டை அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று: கோட்டைச் சுவரின் சுண்ணாம்புக் காரையைக் காட்டி, நம் கடற்கரையில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் வழக்கத்தைப் பற்றி அவனிடம் கேட்டுப் பாருங்கள். டூப்ளே துரையை அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். உயிருள்ள பாம்பைத் தொடக்கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே ஆளைக் கொல்லக் கூடியவை. விட்டேகருக்கே ஒரு கடியில் விரல் ஊனமாயிற்று. கடித்துவிட்டால் கீறுவதும் கட்டுவதும் மந்திரிப்பதும் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இதை நீங்கள் சொன்னால் உபதேசம். பாம்பு பிடிப்பதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட இருளர்கள் 1978ல் வடநெம்மேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். விஷ முறிவு மருந்துக்காக இந்த நான்கு பாம்புகளிடமிருந்தும் விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள். அவர்களில் ஒருவர் சொன்னால் கேட்டுக் கொள்வான்.

ஆகவே ஒரு விடுமுறையில் அழைத்துப் போங்கள். பண்ணை திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் அவனுக்கு. போகும்போது பேசாவிட்டால் நீங்களும் பேசாமல் வாருங்கள். திரும்பும்போது, நம் ஊர் முதலைக்கும் நீள மூக்குக் கரியலுக்கும் சாப்பாட்டில் என்ன வித்தியாசம் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கல்பாக்கம் தாண்டியும் அவன் வாய் மூடாவிட்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.