பாதை இருக்குது, பண்ணையம் எங்கே?

மகள் ஸ்பெயின் நாட்டுல வலென்சியாவில் இருக்கிறாள். பேரன் பிறந்ததை ஒட்டி நானும் வீட்டுக்காரம்மாவும் பிப்ரவரி கடைசியில் கிளம்பிப் போய் இரண்டரை மாசம் இருந்துட்டு வந்தோம். காட்டையும் மாட்டையும் தம்பி பார்த்துக்கிட்டான். வீட்டுக்காரம்மாவுக்கு அங்கே வேலை இருந்துச்சு. எனக்கு என்ன வேலை? நாலாம் நாளே கை அரிக்க ஆரம்பிச்சிருச்சு.

அந்த ஊர்ல சனி, ஞாயிறு ஆனா ஜனங்க மலையில நடக்கப் போறாங்க. கோயில் குளம்னு இல்லை, சும்மா நடக்கத்தான். இரண்டு கையிலும் குச்சி, முதுகில் பை. மாப்பிள்ளையும் அந்த வகை. "வாங்க மாமா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று இரண்டு இடத்துக்குக் கூட்டிப் போனார். ஒன்று வறண்ட மலை, இன்னொன்று அதன் அடிவாரத்துச் சதுப்பு நிலம். இரண்டையும் பார்த்த பிறகு மனசுல ஒன்று உறுத்திக்கிட்டே இருக்குது.

மலை, அலிகாந்தே மாகாணத்து லாகுவார் பள்ளத்தாக்கு. ஃபிளெய்ஷ் என்கிற சின்ன ஊரில் இருந்து பாதை இறங்குது. வெள்ளையும் மஞ்சளும் கோடு போட்டு வழி காட்டியிருக்காங்க. 14 கிலோமீட்டர் வரும். மூணு தடவை பள்ளத்துல இறங்கி மூணு தடவை ஏறணும். கல் படி மட்டும் 6,000க்கு மேல என்கிறார்கள். முழங்கால் எண்ணிக்கிச்சு, நான் எண்ணலை. அந்தப் பள்ளத்துக்கு 'நரகப் பள்ளம்' என்றே பேர். வெயில் நாளில் போனால் பேர் வச்சது சரின்னு தெரியும்.

அந்தப் படிகளை மொரிஸ்கோக்கள் கட்டினதா ஊர்ல சொல்றாங்க. முன்னாடி முஸ்லிம்களா இருந்து, கட்டாயமா கிறிஸ்தவ மதத்துக்கு மாத்தப்பட்ட குடியானவர்கள். 1609இல் அந்த நாட்டு ராஜா அவர்களை மொத்தமாக நாடு கடத்த உத்தரவு போட்டார். இந்தப் பள்ளத்தாக்கு ஜனங்கள் போகமாட்டோம் என்று மேலே உள்ள மலையில் ஏறி நின்றார்கள். அந்த வருஷம் நவம்பரிலேயே படை வந்து முடித்துவிட்டது. பிறகு மயோர்க்கா தீவில் இருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கட்டினவன் ஒருத்தன், பயிர் செஞ்சவன் ஒருத்தன், இப்ப நடக்கிறவன் இன்னொருத்தன்.

படியை விட என்னை நிறுத்தினது கல்கட்டுத்தான். மலைச்சரிவு பூரா அடுக்கடுக்காக் காடு. ஒவ்வொரு அடுக்குக்கும் சாந்தே இல்லாத கல்கட்டு. பெரிய கல் முகத்துல, பின்னாடி சில்லுக்கல், அதுக்குப் பின்னாடி மண். மழை பேஞ்சா தண்ணி கல் இடுக்குல கசிஞ்சு கீழ் அடுக்குக்கு இறங்கும், மண் நிக்கும். நான் நம்ம ஓடைக்கரையில சிமெண்ட்டு வச்சுக் கட்டி, தண்ணி போக வழி விடாம, முதல் மழையிலேயே சுவரோட மண்ணையும் சேர்த்து ஓடைக்குக் கொடுத்தவன். அதனால அந்தக் கட்டு எனக்குப் புரிஞ்சுது. இந்தக் கைவேலையை 2018இல் யுனெஸ்கோ ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி உள்பட எட்டு நாடுகளின் பாரம்பரியம் என்று பட்டியலில் சேர்த்திருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா பட்டியல் வந்து கல் எடுத்து வைக்காதே.

மேல போகப் போக அடுக்குகள் தரிசு. பாதி இடத்துல கட்டு வாய்விட்டு மண் சரிஞ்சு கிடக்குது. நாங்க போனப்ப கீழ் அடுக்குகள்ல செர்ரி மரம் வெள்ளையாப் பூத்திருந்துச்சு, பார்க்க அப்படி இருந்துச்சு. அதுக்கு மேலே ஊசியிலை மரமும் முள்ளும்தான். பிள்ளைங்க கடற்கரை ஊர்களுக்கு ஓட்டல் வேலைக்குப் போயிட்டாங்க. பாதாமாவது இருந்துச்சேன்னா, 2017இல் அந்த மாகாணத்துல சைலெல்லா என்கிற பாக்டீரியா நோய் கண்டுபிடிச்சாங்க. நோய் கண்ட ஒரு மரத்தைச் சுத்தி முதல்ல 100 மீட்டர் வரைக்கும் பிடுங்கச் சொன்னாங்க. நல்லா இருக்கிற மரமும் சேர்த்துத்தான். பிறகு அதை 50 மீட்டராக் குறைச்சாங்க. அதுக்குள்ள ஆயிரக்கணக்கான மரம் போயிருச்சு. வயசான மனுசன் மறுபடி நட்டு, காய்க்கிற வரைக்கும் காத்திருப்பானா?

பண்ணையம் போன இடத்துல புதர் வரும், புதர் இருந்தா நெருப்பு வரும். 2022 ஆகஸ்ட்டுல பக்கத்துப் பள்ளத்தாக்கு வால் தெபோவில் இடி விழுந்து பிடிச்ச தீ, 11,000 ஹெக்டேருக்கு மேல எரிச்சிருச்சு. நம்ம கணக்குல 27,000 ஏக்கர். உழுது கிடக்கிற அடுக்கும், ஆடு மேய்ஞ்ச காடும் நெருப்பை நிறுத்தும். தரிசு அதைக் கூப்பிட்டு அனுப்பி வைக்கும்.

ஒரு அடுக்குல வயசான ஒருத்தர் சரிஞ்ச கட்டைத் திருப்பிக் கட்டிக்கிட்டு இருந்தார். எழுபதுக்கு மேல இருக்கும். மாப்பிள்ளை அவரோட பேசி எனக்குச் சொன்னார். ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சா இரண்டு மீட்டர் கட்டலாமாம். கூலிக்கு ஆள் வச்சா செர்ரி விக்கிற காசு பத்தாதாம். நாங்க நின்ன அரைமணி நேரத்துல முப்பது பேராவது அவரைத் தாண்டிப் போனாங்க. எல்லாரும் வணக்கம் சொன்னாங்க. இரண்டு பேர் படம் எடுத்தாங்க.

நடக்க வர்றவங்களைக் குறை சொல்லலை. குப்பை போடலை, கத்தலை, நம்ம ஆளுங்களை விடப் பத்து மடங்கு தேவலை. நடந்துட்டு ஊர்க் கடையில சாப்பிடுறாங்க, கடைக்காரருக்கு வருமானம். நடைப்பயணம் வந்தால் மலைக் கிராமம் பிழைச்சுக்கும் என்கிறது அங்கே பொதுப் பேச்சு. அதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க பார்க்க வர்றது அந்த அடுக்குகளை. அதை நிறுத்தி வச்சிருக்கிற கிழவருக்கு அதில் ஒரு காசு இல்லை. பாதைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் இருக்குது. பாதையில விழுந்த கல்லை ஒதுக்கித் தள்ளவும் ஆள் இருக்குது. அந்தக் கல்லைத் தூக்கித் திரும்பக் கட்டுல வைக்கத்தான் ஆள் இல்லை.

வண்டி நிறுத்துற இடத்துல காருக்கு இரண்டு யூரோ வாங்குங்க, கட்டி முடிச்ச கட்டுக்கு மீட்டர் கணக்குல குடியானவனுக்குக் கொடுங்கன்னு நான் சொன்னேன். மாப்பிள்ளை ஒத்துக்கலை. பாதை எல்லாருக்கும் பொது, காசுன்னு வந்தா இல்லாதவன் நடக்க முடியாது என்றார். நியாயம்தான். அதான் பாதைக்கு வேண்டாம், காருக்குன்னு சொல்றேன். பஸ்ஸுல வர்றவன் சும்மா நடக்கட்டும். ஆட்டுக்காரன் இருந்தா அவனுக்கும் கூலி கொடுத்து மேல் அடுக்குல மேயவிடணும். தீயணைக்கிற ஹெலிகாப்டர் செலவை விட ஆட்டுக்காரன் கூலி குறைச்சலாத்தான் இருக்கும்.

இரண்டாவது இடம் பேகோ-ஒலிவா சதுப்பு நிலம். மலையில பேயுற மழை சுண்ணாம்புப் பாறை இடுக்குல இறங்கி, அடிவாரத்துல ஊத்தா வெளிய வருது. மேல பாறையில தண்ணி நிக்கவே நிக்காது. லாகுவார் பக்கத்துல 1940களில் ஓர் அணை கட்டி, தண்ணி தங்காம பாறைக்குள்ளயே போய், இன்னைக்கும் வேடிக்கைப் பொருளா நிக்குது. கீழேயோ சுமார் 3,000 ஏக்கர் நாணலும் ஓடையும் நாரையும் நாமக்கோழியும். நடுவில நெல்லு! பொம்பா என்கிற ரகம், குட்டையான அரிசி. தண்ணியை நல்லா உறிஞ்சும், ஆனா குழையாது.

1994இல் அதை இயற்கைப் பூங்கா ஆக்கினாங்க. 1990களின் பிற்பகுதியில பேகோ மேயர், இது எங்க குடியானவன் பூமின்னு தண்ணியை வடிச்சுக் காயப்போடப் பார்த்தார். வழக்கு நடந்து கடைசியில சிறைத்தண்டனை கிடைச்சுது. கேட்டதும் எனக்கு மேயர் பக்கம்தான் மனசு போச்சு. நம்ம பூமியில என்ன செய்யணும்னு எங்கிருந்தோ ஒருத்தன் சொல்றதான்னு. நேர்ல நடந்த பிறகு மாறிட்டேன். அந்த ஊத்தையும் ஈரத்தையும் வச்சுத்தான் அங்கே நெல்லே. அதை வடிச்சுட்டு எதை விதைக்கிறது?

அங்கே ஒரு விஷயம் பிடிச்சுது. நடக்கிற பாதையே வயக்காட்டுத் தடம்தான். உழவுக்கு டிராக்டர் வந்துச்சு, நடக்கிறவங்க எல்லாரும் ஓரமா ஒதுங்கி நின்னாங்க. டிராக்டர் ஓட்டினவர் கையைக் கூடத் தூக்கலை. வேலையா இருக்கிற மனுசன், அப்படித்தான் போவார்.

மலையில அந்தக் கிழவருகிட்ட இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி நானும் குனிஞ்சு நாலு கல் எடுத்துக் கொடுத்தேன். மூணை வாங்கி வச்சார். நாலாவதைத் திருப்பிப் பார்த்துட்டு, சரியில்லைன்னு கீழ போட்டுட்டார்.