ஒரே பெயர், இரு குணம்

வித்துராவில் எங்கள் வீட்டில் மாலையானால் 'கிரான் டூரிஸ்மோ' கார்ப்பந்தய விளையாட்டுதான். "தடை செய்யுங்கள்" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை.

நிசான் ஸ்கைலைன் ஆர்32 காரையே பாருங்கள். ஜி.டி.எஸ்.-டி வகை பின்சக்கர விசையில் ஓடுவது, ஜி.டி.ஆர். வகை வேண்டும்போது முன்சக்கரங்களுக்கும் விசை தருவது. தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் முதல் வண்டியின் பின்பக்கம் வழுக்கும். அடுத்தது சாலையைப் பற்றிக்கொண்டு போகும். குணமறிந்து ஓட்டு என்பதே பாடம்.

ஆனால் இங்கிருந்து பொன்முடி ஏற 22 கொண்டையூசி வளைவுகள். அங்கே மறுபடி ஆட்டம் தொடங்கப் பொத்தான் இல்லை.

பெற்றோரே, லைசென்ஸ் எடுக்கும் வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள்: "வண்டி ஏன் வழுக்கியது?" காரணம் சொன்னால் சாவியைத் தரலாம். வேகத்தை மட்டும் சொன்னால், சற்றே பொறுக்கலாம்.