வீட்டுக்குள் கடலா? பவளத்தை விட்டுவிடுங்கள்!

ஓசூருக்குக் கடல் கிடையாது. கடல் மட்டத்துக்குச் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது ஊர். சென்னைக் கடற்கரைக்குப் போக 300 கிலோ மீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

ஆனாலும் ஓசூர் வீட்டுக் கூடத்திலே கடலைக் காணலாம்! ஒரு கண்ணாடித் தொட்டி, உப்பு நீர், வண்ண மீன்கள் இருந்தால் போதும்.

இந்த ஆசை புதிதல்ல. 1909-ம் ஆண்டிலேயே சென்னை மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது. நமக்கோ, கடல் நீரையே தயார் செய்ய வேண்டும்.

வளர்க்கலாமா? தாராளமாக வளர்க்கலாம். ஆனால், பவளம் மட்டும் கடலிலேயே இருக்கட்டும். இதுதான் நம் கருத்து.

பவளம் கல் அல்ல

பவளத்தைச் சிலர் கல் என்று நினைக்கிறார்கள். சிலர் செடி என்கிறார்கள். இரண்டும் தவறு. பவளம் ஒரு பிராணி!

சின்னஞ்சிறு பிராணிகள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. தங்கள் உடம்பில் சுரக்கும் சுண்ணாம்பால் வீடு கட்டுகின்றன. அந்த வீடுகள் சேர்ந்ததுதான் பவளப் பாறை. சில வகைப் பவளம் ஓர் ஆண்டில் ஒரு விரற்கடை கூட வளராது. உடைக்கவோ ஒரு நிமிடம் போதும்!

மூழ்கிய தீவுகள்

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ம் ஆண்டில் இந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று.

அதற்கு முன்பே பல காலமாக, சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். என்ன நடந்தது? அலையைத் தடுக்கும் அரண் போயிற்று. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் கடலில் மூழ்கின!

2010, 2016-ம் ஆண்டுகளில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடாயிற்று. மிஞ்சிய பவளங்களில் பல வெளுத்துப் போயின.

2001-ம் ஆண்டில், பாறை கட்டும் பவளங்களை மத்திய அரசு வன உயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. மீறினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை! கடற்குதிரையும் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

"நான் ஒரு துண்டுதானே வாங்குகிறேன்?" என்று கேட்கலாம். ஆயிரம் வீட்டில் ஆயிரம் துண்டு ஆகாதா?

"வெளிநாட்டில் தொட்டியிலேயே பவளம் வளர்த்து விற்கிறார்களே?" என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால், கடைத் தொட்டியில் இருக்கும் துண்டு எங்கே வளர்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடையில் இருப்பதாலேயே ஒரு பொருள் சட்டப்படி சரியாகிவிடாது.

கோமாளி மீன்

பவளத்துக்குப் பதிலாகச் செயற்கைப் பாறை வையுங்கள். கோமாளி மீன் 2 வாங்குங்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. 2003-ல் வந்த 'நீமோ' கார்ட்டூன் படத்தின் நாயகன் இதுதான்!

இதைக் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். எனவே, "தொட்டியில் பிறந்த மீனா?" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் பக்குவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆகவே, ஆழ்குழாய்க் கிணற்று நீரை அப்படியே தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. எந்திரத்தில் சுத்தம் செய்த நீர் வேண்டும். அந்த எந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்காமல் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. சமையல் உப்பு உதவாது. மீன் தொட்டிக்கென்றே தயாரித்த கடல் உப்பைக் கேளுங்கள்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால், குறைந்த அளவுக்கு உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் கரிப்பு ஏறிவிடும்.

சூடு 25 முதல் 27 டிகிரி இருக்கட்டும். ஓசூரின் மார்கழிக் குளிருக்கு ஒரு சூடேற்றி தேவைப்படும். மின்சாரம் நின்றால் மீன் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயைக் கைவசம் வையுங்கள்.

ஒரு மாதம் பொறுங்கள்

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பொறுமை!

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை மாற்றி நஞ்சைப் போக்குபவை, கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள். அவை தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை தொட்டியில் மீன் கூடாது. நீரை ஓடவிட்டு, மீன் தீனியில் ஒரு சிட்டிகை மட்டும் போட்டு வாருங்கள். கிருமிகளுக்கு அதுவே உணவு. பரிசோதனை மருந்தை விட்டுப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீனை விடுங்கள். பிறகு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும்.

தொட்டி வாங்கிய அன்றே மீனை விடுகிறவர்கள்தான், ஒரு வாரத்தில் செத்த மீனை அள்ளிக் கொட்டுகிறார்கள். உடனே வேறு மீன் வாங்குகிறார்கள். அதுவும் சாகிறது. நஷ்டம் பணம் மட்டுமா?

பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். "செத்தால் இன்னொன்று வாங்கலாம்" என்று பழகிய பிள்ளை, உயிரையும் பொம்மையையும் ஒன்றாகவே எண்ணும். வெறும் தண்ணீரை ஒரு மாதம் காத்து, அதன்பின் மீனைக் கண்ட பிள்ளைக்கு அதன் அருமை தெரியும்.

பவளத்தைப் பற்றியும் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அது ஏன் நம் தொட்டியில் இல்லை என்ற காரணத்தையும் சொல்லுங்கள்!