மட்காட்டை நகர்த்தியவர்கள்

எங்கட வீட்டு மொறிஸ் மைனர் நேராக ஓடுவதில்லை. அதை நான் கண்டது காருக்குள் இருந்துகொண்டு அல்ல. மழை விட்ட ஒரு காலையில் அப்பா காரை வெளியில் எடுத்துப்போன பிறகு, முற்றத்து ஈர மண்ணில் கிடந்த தடத்தில்தான் கண்டேன். பின்சில்லின் தடம் முன்சில்லின் தடத்துக்கு மேலே விழாமல், ஒரு பெருவிரல் அகலம் இடப்பக்கமாக விலகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

அப்பாவிடம் சொன்னேன். "அது முந்தி இருந்த பிரச்சினை பிள்ளை. இடப்பக்கப் பின்சில்லு நடுவில இல்லையெண்டு கராஜில குடுத்துச் செய்தாச்சு" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான், சில்லு மட்காட்டுக்கு நடுவில் அழகாகத்தான் நின்றது. குனிந்து உள்ளே பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. மைனரின் பின் மட்காட்டுகள் போல்ட் போட்டுப் பூட்டியவை. அந்த ஓட்டைகளை நீள அராவி, மட்காட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். சில்லை நடுவுக்குக் கொண்டுவரவில்லை. நடுவைச் சில்லிடம் கொண்டுபோயிருந்தார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கராஜைத் திட்டுவதற்கு அல்ல. அந்த வேலையைப் பார்த்துவிட்டு எங்கட வீட்டில் எல்லோரும் "கெட்டிக்காரன்" என்று சொன்னார்களே, அதைப் பற்றித்தான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் கதை தெரிந்திருக்கும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மைனரும் ஒஸ்ரினும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் வராத ஊரில் அது பெரிய கெட்டித்தனம், மறுக்கமாட்டேன். ஆனால் அதைச் செய்தவர்களுக்குத் தாங்கள் செய்வது ஒப்பேத்தல் என்று தெரிந்திருந்தது. எஞ்சினுக்குக் கூடாது என்று தெரிந்துகொண்டே, வேறு வழியில்லாமல் ஓடினார்கள். எங்கட தலைமுறைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெருமை மட்டும்தான். ஒப்பேத்துவதும் திருத்துவதும் ஒன்று என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

ஒன்றில்லை என்பதை ஒரு அளவுநாடா காட்டித்தரும். நாங்கள் செய்தது இவ்வளவுதான். சமதளமான சீமெந்து நிலத்தில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்தோம். மைனரில் அது 86 அங்குலம் இருக்கவேண்டும். வலப்பக்கம் கிட்டத்தட்டச் சரி. இடப்பக்கம் 14 மில்லிமீற்றர் கூட. அதாவது இடப்பக்கச் சில்லு பின்னுக்குப் போயிருக்கிறது, அக்சில் சரிந்து நிற்கிறது. அப்பா எப்போதும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி ஓடுவது பழக்கத்தால் அல்ல என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு அக்சில் முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பார்த்தோம். இதை மட்காட்டிலிருந்து அளக்கக்கூடாது, மட்காட்டுத்தான் பொய் சொல்லுமே. அடிச்சட்டத்திலிருந்து சில்லின் உட்பக்கம் வரைக்கும் அளக்கவேண்டும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 2 மில்லிமீற்றர். அக்சில் நகர்ந்தால் ஒரு பக்கம் கூடுகிற அளவு மற்றப் பக்கம் குறையும். ஆகவே உண்மையான நகர்வு அதில் பாதி, 1 மில்லிமீற்றர்தான். அதை விட்டுவிடலாம். அது பெரிதாக இருந்திருந்தால் ஸ்பிரிங்கின் இரு முனையிலும் உள்ள றப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்திருப்போம்.

மைனரின் பின் அக்சில் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளில் இருக்கிறது. அந்தப் பட்டைகளை ஒன்றாகக் கட்டுவது நடுவில் உள்ள ஒரு சின்ன போல்ட். அதன் தலை அக்சிலின் இருக்கையில் உள்ள குழிக்குள் உட்கார்ந்துதான் அக்சிலை இடத்தில் வைத்திருக்கிறது. யூ போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். எங்கட காரில் இடப்பக்கத்து நடு போல்ட் உடைந்து கிடந்தது. அந்தக் காரில்தான் மாதாமாதம் அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறோம். சடாரென்று பிரேக் பிடித்தால் அக்சில் இன்னும் நகர்ந்திருக்கும். மட்காட்டை நகர்த்திய கெட்டித்தனம் மறைத்து வைத்தது இதைத்தான்.

திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, பொடியின் பாரத்தை இரண்டு ஸ்டாண்டில் இறக்கினோம். சீமெந்துக் கல்லில் அல்ல, அது சொல்லாமல் வெடிக்கும். ஜக் அக்சிலை மட்டும் தாங்கி நின்றது. யூ போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைகளைக் கிளாம்பால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடைந்த போல்ட்டை எடுத்துப் புதியதைப் போட்டோம். அதன் தலை குழிக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதிய யூ போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். இறக்கி, வீதியில் ஒரு சுற்று ஓடி, திரும்பவும் அளந்தோம். பிறகு மட்காட்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். நூறு கிலோமீற்றர் ஓடியதும் இன்னொருமுறை இறுக்கினோம்.

ஸ்பிரிங்கைத் தாங்குகிற இடம் துருப்பிடித்துப் போயிருந்தால் இதை வீட்டில் தொட்டிருக்கமாட்டோம். அது வெல்டிங் தெரிந்தவரின் வேலை. எது எங்கட வேலை இல்லை என்று தெரிவதும் அளந்து பார்த்தால்தான்.

"பாகம் கிடைக்காது" என்ற சாட்டு இப்போது பாதிதான் உண்மை. 1990களில் தென்னிலங்கையிலேயே மைனருக்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, கார்களுக்கு 2025இல்தான் திரும்பவும் வழி திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் பழைய கார்களை நம்பி ஓடிய குடும்பங்கள் எத்தனை? அவற்றில் எத்தனை எங்கட கார் மாதிரி, பார்வைக்கு மட்டும் நேராக ஓடுகின்றன?

நான் காருக்கடியில் கிடந்தபோது மதிலுக்கு அப்பால் இருந்து ஒரு மாமி கேட்டா: "ஆர்ட்ஸ் படிக்கிற பொம்பிளைப்பிள்ளைக்கு ஏன் இந்தக் கிறீஸ் வேலை?" சிரித்துவிட்டு விட்டேன். பதில் இருந்தது. வகுப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது, ஒருவர் சொன்னதை நம்பி எழுதாதே, மூலத்தைப் போய்ப் பார் என்பதைத்தான். மட்காட்டுக்குப் பின்னால் பார்ப்பதும் அதே படிப்புத்தான். அதற்குக் கராஜ் வைத்திருக்க வேண்டியதில்லை, ஆம்பிளையாக இருக்கவேண்டியதும் இல்லை.

வீட்டில் ஒரு பழைய கார் நின்றால், அடுத்த மழைக்குப் பிறகு அது போன தடத்தைப் பாருங்கள். அளவுநாடாவை அப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். எங்கட அப்பா முதலில் தரமாட்டேன் என்றார். கடைசியில் மற்ற முனையைப் பிடித்தது அவர்தான்.