வளர்ப்பு மகனும் வையமும்

டி. எச். ஒயிட் என்னும் ஆங்கில ஆசிரியர் 1938-ஆம் ஆண்டில் வெளியிட்ட "கல்லில் பதிந்த வாள்" என்னும் புனைகதையில், ஆர்தர் என்னும் சிறுவன் தன் பிறப்பறியாது எக்டர் பிரபுவின் கோட்டையில் வளர்கின்றான். பிரபுவின் மைந்தனாகிய கே என்பானுக்கு ஏவலனாதலே தன் ஊழ் என்றிருந்த அவனை, ஆசான் மெர்லின் மீனாகவும் வல்லூறாகவும் மாற்றி உலகைக் காணச் செய்கின்றார். அகழியிலே, வலிமையே நீதியென்னும் மீனரசனின் வாய்க்கு அவன் அரிதிற் தப்புகின்றான்.

இளையோரை மனையகத்தே காத்தலொன்றே அன்பு என்பார் உளர். யாம் அதற்கு உடன்படோம். கோட்டை மதில் அவனுடலைக் காத்தது. அரசாளும் அறிவை அளித்திலது. எளிய உயிர்களோடு உயிராய் நின்று உலகைக் கண்டமையாலன்றோ, வாளை உருவி அரசனாகியபோதும் அவன் செருக்குறாது, தன்முன் மண்டியிட்ட வளர்ப்புத் தந்தையைக் கண்டு கண்ணீர் உகுத்தான்! காத்தல் பெரியோர் கடன். உலகைக் காட்டுதலும் அக்கடனின் பகுதியேயாம்.