முதல் ரீலில் ஒரு சத்தம்

சின்ன வயதில் நான் படம் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மரக்காணத்தில் எங்கள் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. டூரிங் கொட்டகை ஊருக்கு மேற்கே. சாயங்காலம் கடல்காற்று அடிக்கும்போது கொட்டகைச் சத்தம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் காற்று திரும்பும். அப்போது இரண்டாவது ஆட்டத்தின் வசனமும் பாட்டும் பாத்தித் தண்ணீருக்கு மேல் வழுக்கிக்கொண்டு வந்து சேரும். அம்பாரத்துக்குக் காவலிருக்கும் அப்பாவோடு வரப்பில் படுத்துக்கொண்டு ‘சிகப்பு ரோஜாக்கள்’ முழுவதையும் அப்படித்தான் கேட்டேன். திரை எங்கோ இருந்தது. அலறல் மட்டும் பக்கத்தில் வந்து விழுந்தது. பல வருடம் கழித்துப் படத்தைக் கண்ணால் பார்த்தபோது, பயத்தில் பாதி குறைந்துவிட்டது.

கொட்டகையின் கணக்கு வேறு. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் வேலையை முடித்து, கால் உப்பைக் கழுவி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜனம் கிளம்பும். முதல் ரீல் ஓடும்போது பாதிப் பேர் மண் தரையில் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்துப் படங்களில் எழுத்து போடுவது ஏன் அவ்வளவு நீளம், முதல் காட்சியில் ஏன் ஒரு கோயிலோ கல்லூரி ஆண்டு விழாவோ வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தவறவிட்டாலும் நஷ்டமில்லாத பத்து நிமிஷம் அது. அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு கொலையை வைப்பதென்றால் தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியம் 1954இல் எஸ். பாலசந்தருக்கு இருந்தது. ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’, துப்பாக்கிச் சத்தத்தையும் குண்டுபட்டுச் சாகும் கதாநாயகனையும் வைத்துக்கொண்டு கதையைத் தொடங்குகிறது. சாகிறவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடம்; அவர் பேசுவதைக் கேட்கத்தான் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அவரையே முதலில் சாகடித்துவிட்டு, மிச்சக் கதையை மற்றவர்கள் வாயால் சொல்ல விட்டார்கள். சத்தத்தைக் கேட்டு ஓடுகிற பக்கத்து வீட்டுக்காரர் சின்னையாவாகத்தான் நாம் படத்துக்குள் நுழைகிறோம். நடந்ததைக் கண்டவனாக இல்லை, காதில் விழுந்தவனாக.

கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில். செத்த ராஜன் ஒரு ரேடியோ என்ஜினீயர். சத்தத்தைத் தூரத்துக்கு அனுப்பும் தொழில் தெரிந்தவன் ஒரு சத்தத்தில் சாகிறான். கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். மாருதி ராவின் கேமரா முகங்களில் பாதியை இருட்டில் விட்டுவிடுகிறது. வசனம் மறைப்பதை நிழல் ஏற்கெனவே மறைத்து வைத்திருக்கிறது. படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை, நடனம் இல்லை. இதைச் செய்தவர் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. பாலசந்தர் வீணை வித்வான். பின்னால் உலகம் முழுக்க வீணை பாலசந்தர் என்றே அறியப்பட்டவர். பாட்டு தெரியாதவன் பாட்டை எடுத்தால் அது இயலாமை. இவர் எடுத்ததைச் சங்கீதக்காரன் மௌனத்தை அளந்து வைக்கிற காரியமாகத்தான் நான் பார்க்கிறேன். அன்றைய ரசிகர்கள் அப்படிப் பார்க்கவில்லை. வெளியானபோது படம் சரியாகப் போகவில்லை.

1931ஐ இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த வருடம் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் ‘எம்’ எடுத்தார். குழந்தைகள் வட்டமாக நின்று கொலைகாரனைப் பற்றிப் பாட்டுப் பாடி விளையாடுகிறார்கள். ஒரு தாய் மகளுக்குத் தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். பிறகு காலித் தட்டு, புல்லில் உருண்டு வரும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன். கொலை திரையில் இல்லவே இல்லை. கொலைகாரனை அடையாளம் காட்டுவது அவன் அடிக்கும் சீட்டி. அதே 1931இல்தான் நம்முடைய ‘காளிதாஸ்’ வந்து, திரை வாய் திறந்து பாடியதும் நாம் கிறங்கிப் போனோம். கிறக்கம் தெளிய 23 வருடம் பிடித்தது என்று சொன்னால் பாட்டு ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். நானும் பாட்டு ரசிகன்தான்.

1970களின் கடைசியில் முதல் ரீல் இன்னொரு திருப்பம் கண்டது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978, பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980. யார் கொன்றது என்ற கேள்வி போய், கொல்கிறவன் கூடவே நம்மை உட்கார வைத்தார்கள். பின்னால் இளையராஜா. ‘மூடுபனி’ அவருக்கு நூறாவது படம். கத்தி வரும் முன்பே வயலின் வந்துவிடும். வெறும் வாசல், வெறும் படி, வெறும் திரைச்சீலை. அவற்றைச் சந்தேகிக்க வைப்பது இசைதான். வரப்பில் படுத்திருந்த எனக்குப் படி எது, வாசல் எது என்று தெரியாது. சந்தேகம் மட்டும் சுத்தமாக வந்து சேர்ந்தது.

‘நாயகன்’ (1987) எனக்கு வேறு வகையில் முக்கியம். தொழிற்சங்கத் தலைவரான அப்பாவைப் பிடிக்க முடியாத போலீஸ், சிறுவனை வெளியே விட்டு அவன் பின்னாலேயே போகிறது. அவன் போய்ச் சேருகிற இடத்தில் அப்பா சுடப்படுகிறார். பையன் கத்தியை எடுக்கிறான், பம்பாய்க்கு ஓடுகிறான். மணிரத்னமும் பி.சி. ஸ்ரீராமும் இதைச் சில நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதற்குள் நம் மனசு எந்தப் பக்கம் சாயவேண்டுமோ அந்தப் பக்கம் சாய்ந்தாகிவிட்டது. மிச்சப் படம் முழுவதும் அந்தப் பையனுக்காகத்தான், அவன் வளர்ந்து ஆகிற வேலுநாயக்கரை மன்னிக்கிறோம். நான்கு வருடம் கழித்து ‘தளபதி’யில் சந்தோஷ் சிவனின் கேமரா கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. போகி நாள், கூட்ஸ் ரயில், குழந்தையை விட்டுப் போகும் ஒரு சிறுமி. வசனத்துக்கு வேலையே இல்லை. கொட்டகைக் காலத்தில் இப்படி ஒரு தொடக்கம் தைத்திருக்குமா என்று தெரியாது. சுண்டல்காரர் சத்தத்திலேயே போயிருக்கும்.

2000க்குப் பிறகு சிறை வாசலிலிருந்து கதை சொல்வது ஒரு வழக்கமானது. செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’ (2006) சிறை அறையில் தனியாகக் கிடப்பவனின் பேச்சிலிருந்து பின்னோக்கிப் போகிறது. சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) மதுரைச் சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவனை வாசலிலேயே குத்திச் சாய்த்துவிட்டு 1980க்குத் திரும்புகிறது. யாரைக் குத்தினார்கள், குத்தியது யார் என்று தெரியாத அந்தக் குத்து படம் முழுவதும் தீராத கடனாக நம்மேல் நிற்கிறது. எடிட்டிங் என்பது வெட்டு என்று மட்டும் நினைப்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும். ஒரு வெட்டுக்கும் அதன் பதிலுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்.

மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) பாலசந்தர் விட்ட இடத்துக்கு வருகிறது. நள்ளிரவுச் சாலையில் குண்டடி பட்டுக் கிடக்கிறான் ஒருவன், போகிறவர்கள் போகிறார்கள், ஒரு மருத்துவ மாணவன் நிற்கிறான். பாட்டு இல்லாத படத்துக்கு இசை இளையராஜா. எழுத்து போடும்போது பின்னணி இசை என்று போடாமல் ‘முன்னணி இசை’ என்று போட்டார்கள். கொஞ்சம் குறும்புதான், ஆனால் பொய்யில்லை.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போது ஆர்சன் வெல்ஸை விட முடியாது. ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) மூன்று நிமிஷத்துக்கு மேல் நீளும் ஒரே ஷாட்டில் தொடங்குகிறது. காரின் பின்பக்கம் வெடிகுண்டை வைக்கிறான் ஒருவன். கிரேனில் ஏறிய கேமரா கூரைகளைத் தாண்டி, மெக்சிகோ எல்லை ஊர்த் தெருவில் அந்தக் காரைத் தொடர்கிறது. ஸ்டூடியோ அதன்மேல் எழுத்தையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றிவிட்டது. வெல்ஸ் கேட்டதோ வேறு: ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு பாட்டு, காருக்குள் ரேடியோ, எல்லாம் கலந்து வந்து போகவேண்டும். அவர் எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு வால்டர் மர்ச் 1998இல் அதைத் திருத்தி எடுத்தார். இப்போது கார் கண்ணுக்கு மறைந்தாலும் அதன் ரேடியோ வருகிறது. குண்டு எங்கே இருக்கிறது என்று காது சொல்கிறது. வெல்ஸ் கேட்டது என்ன என்று புரிய ஹாலிவுட் போகவேண்டியதில்லை. ஈசிஆர் டீக்கடை பெஞ்சில் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் போதும். பாண்டிச்சேரி பஸ் ஒரு பாட்டோடு பெரிதாகி வரும், சன்னமாகிப் போகும். எதிர்ப்பக்கத்து பஸ் இன்னொரு பாட்டை இழுத்து வரும். பஸ்ஸைப் பார்க்காமலே எது எங்கே போகிறது என்று கடைக்காரருக்குத் தெரியும்.

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகமும் (2023) அந்த வகை நீண்ட ஷாட்டில்தான் தொடங்குகிறது. குண்டு வெடித்துக் கவிழ்ந்த ரயிலின் பெட்டிகளுக்குள்ளும் வெளியிலுமாக வேல்ராஜின் கேமரா அலைகிறது. அபாரமான உழைப்பு. ஆனாலும் என்னை உலுக்கியது அவருடைய ‘விசாரணை’யின் தொடக்கம்தான். குண்டூரில் ஒரு பூங்கா, அங்கே படுத்துத் தூங்கும் தமிழ்ப் பையன்கள், வேலைக்குப் போகும் ஒரு சாதாரண நாள். குற்றம் எதுவும் நடக்கவில்லை. நடக்கப்போகும் குற்றத்தைச் செய்யப்போவது காக்கிச் சட்டை. ‘அந்த நாள்’ சின்னையா உதவி கேட்டு ஓடிய அதே காவல் நிலையத்துக்கு, 60 வருடம் கழித்து, நம்மை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போது வரும் படங்களில் முதல் ஷாட் பெரும்பாலும் ட்ரோன். மேலிருந்து நகரம், மேலிருந்து கடல், அடியில் வயிற்றைக் கலக்கும் ஒரு உறுமல். 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்த எங்கள் உப்பளம் மேலிருந்து கட்டம் போட்ட கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்த உயரத்திலிருந்து மனுஷன் ஒரு புள்ளி. 2023 மே மாதம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. உறுமல் ஏதும் இல்லை. முதலில் வயிற்று வலி, பிறகு கண் மங்கல், பிறகு ஆம்புலன்ஸ்.

போன கோடையில் கல்லூரிப் பையன்கள் சிலர் குறும்படம் எடுக்க வந்தார்கள். க்ரைம் கதை. விடியும் நேரம், பாத்தி நடுவில் ஒரு பிணம், மேலே ட்ரோன். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா பலகையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“செத்தவன் யாரு தம்பி?”

“அது கடைசியிலதான் தெரியும்க்கா.”

“சரி, கொன்னவன் எப்படி வந்தான்? பாத்தியில கால வச்சா தடம் விழும்ல. உள்ள போன தடமும் இல்ல, திரும்பி வந்த தடமும் இல்ல. மேலேருந்து போட்டுட்டாங்களா?”

டைரக்டர் பையன் ட்ரோனை இறக்கச் சொன்னான். தடம் வைப்பதற்கு ஒருவன் ஷூவோடு வரப்பிலிருந்து இறங்கப் போனான். அக்கா அதட்டினார். அவன் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் உப்பு குத்த, ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

“போனது எத்தினி பேரு, வந்தது எத்தினி பேரு?” என்று கேட்டார் அக்கா. “அத மொதல்ல சொல்லு.”