குதிரை மூழ்கும்போது ரிமோட்டைத் தொடாதீர்கள்

பெற்றோர்களே, உங்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை. வெகு நாளாக அடக்கிவைத்திருந்ததை இன்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் வந்த படங்களை உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறீர்கள். நல்ல காரியம். வாடகை கேசட்டிலும், கேபிள் வந்த புதிதில் ஆங்கில சேனல்களிலும் நீங்கள் வாய்பிளந்து பார்த்த ‘ஈ.டி.’, ‘தி கூனீஸ்’, ‘பேக் டு தி ஃபியூச்சர்’ எல்லாம் இன்று நினைத்த நேரத்தில் வீட்டிலேயே கிடைக்கின்றன. சனிக்கிழமை ராத்திரி பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அப்பா சின்ன வயசுல பார்த்த படம்டா இது” என்று ஆரம்பிக்கிறீர்கள். அதுவரை சரி. அதற்குப் பிறகு நீங்கள் செய்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பிள்ளை அழுதுவிடும் என்று தோன்றும் இடம் வந்தால் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுகிறீர்கள். யாரோ ஒருவரை மட்டம்தட்டிச் சிரிக்கும் இடம் வந்தால் நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். எதை முழுசாகக் காட்ட வேண்டுமோ அதை ஓட்டிவிட்டு, எந்த இடத்தில் நிறுத்திப் பேச வேண்டுமோ அங்கே சும்மா இருந்துவிடுகிறீர்கள்.

‘தி நெவர்எண்டிங் ஸ்டோரி’யில் வரும் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். வுல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கி 1984இல் வெளிவந்த படம். ஆட்ரேயு என்ற சிறுவன் தன் வெள்ளைக் குதிரை ஆர்டாக்ஸைக் கடிவாளம் பிடித்து ஒரு சதுப்பு நிலத்தின் வழியே அழைத்துப் போகிறான். மனத்தில் துயரத்துக்கு இடம்கொடுத்தவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் சேறு அது. நடுவழியில் குதிரை நின்றுவிடுகிறது. முதலில் செல்லமாகக் கூப்பிடுகிறான். பிறகு கெஞ்சுகிறான். பிறகு கோபம் வந்து கத்துகிறான், திட்டுகிறான், பலம்கொண்ட மட்டும் இழுக்கிறான். குதிரை ஓரடி எடுத்துவைக்கவில்லை. சேறு ஏறிக்கொண்டே வருகிறது. அங்கிருந்து காட்சி மாறி, பள்ளிக்கூடத்து மச்சில் ஒளிந்துகொண்டு இந்தக் கதையைப் படித்துக்கொண்டிருக்கும் பாஸ்டியனைக் காட்டுகிறார்கள். அவன் கண் நிறைந்து வழிகிறது. மறுபடி ஆட்ரேயுவைப் பார்க்கும்போது அவன் தனியாக இருக்கிறான்.

இதைத்தான் நீங்கள் ஓட்டிவிடுகிறீர்கள். பாஸ்டியனுக்கு அம்மா இல்லை. படம் தொடங்கியதும் காலைச் சாப்பாட்டு வேளையில், அம்மா கனவில் வந்ததாக அப்பாவிடம் சொல்கிறான். அப்பா கொடுமைக்காரர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சைச் சீக்கிரமே முடித்துவிட்டு, படிப்பில் கவனமில்லை, பகல் கனவு காண்கிறாய் என்ற புகார்களுக்குத் தாவிவிடுகிறார். மகனின் துக்கத்தோடு இரண்டு நிமிடம் உட்கார அவரால் முடியவில்லை. பையன் புத்தகத்துக்குள் ஓடி ஒளிவது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். குதிரை மூழ்கும்போது ரிமோட்டைத் தேடும் நீங்களும் அந்த அப்பா செய்ததைத்தான் செய்கிறீர்கள். இன்னொன்று: படத்தின் முடிவில் அதே ஆர்டாக்ஸின் மேலேறி ஆட்ரேயு வெட்டவெளியில் பாய்ந்து வருவான். அது மூழ்கியதைப் பார்த்து அழுத பிள்ளை அந்த இடத்தில் துள்ளிக் குதிக்கும். பார்க்காத பிள்ளைக்கு அது யாரோ ஒருவன் வந்த குதிரை.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ (1982) படத்துக்கும் இதே கதிதான். படத்தின் பெரும்பகுதியில் அம்மா ஒருத்தியைத் தவிர, பெரியவர்களின் முகமே தெரியாது. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து தெரியும், டார்ச் வெளிச்சம் தெரியும். கேமரா பிள்ளையின் உயரத்திலேயே நிற்கும். சாப்பாட்டு மேசையில் சிறுவன் எலியட் கோபத்தில், அப்பா வேறொரு பெண்ணோடு மெக்சிகோவில் இருப்பதைப் போட்டு உடைத்துவிடுகிறான். அம்மாவின் முகம் மாறுகிறது, எழுந்து போய்விடுகிறாள். மற்றவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா என்று அண்ணன் அவன்மேல் சீறுகிறான். வேற்றுக்கிரகத்து உயிரான ஈ.டி. அந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும். நீங்களோ சைக்கிள் பறக்கும் காட்சி எப்போது வரும் என்று பிள்ளைக்கு அறிவிப்புச் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஈ.டி. வெளிறிப்போய் மேசைமேல் கிடக்கும்போது, “ஒண்ணுமில்லடா, எழுந்துடும்” என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறீர்கள். எழப்போகிறது என்று எலியட்டுக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைக்கும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கட்டுமே. பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். வேறென்ன வேண்டும்?

வயது பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் பார்க்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தையை எதிரே உட்காரவைத்து ஆர்டாக்ஸைக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வயது பார்க்கும் விதமே தப்பு. சான்றிதழில் ‘பி.ஜி.’ (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) என்று போட்டிருக்கிறதா, சரி, எல்லோரும் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறீர்கள். அமெரிக்காவில் 1984 ஜூலை 1 வரை ‘பி.ஜி.-13’ என்ற ஒரு படியே கிடையாது. பி.ஜி.யைத் தாண்டினால் அடுத்தது ‘ஆர்’தான். அந்த ஆண்டில் வந்த ‘கிரெம்லின்ஸ்’, ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ இரண்டுக்கும் பி.ஜி. சான்றிதழ் கிடைத்து, பிள்ளைகளைக் கூட்டிப்போன பெற்றோர் கொதித்த பிறகுதான் நடுவில் ஒரு படி போடப்பட்டது. அதைப் போடச் சொல்லி யோசனை சொன்னவரே ஸ்பீல்பெர்க்தான். ஆகவே அந்தக் காலத்துப் பி.ஜி.யை நம்பிப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துவிட்டு நீங்கள் போன் பேசப் போகாதீர்கள்.

இனி, நீங்கள் ஓட்டாமல் விடும் இடங்கள்.

‘தி கூனீஸ்’ (1985) படத்தில் சங்க் என்ற குண்டுப் பையன் நண்பன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். சட்டையைத் தூக்கி வயிற்றைக் குலுக்கி ஆடிக்காட்டினால்தான் கேட்டைத் திறப்போம் என்கிறார்கள். ஆடுகிறான். உங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சிரிக்கிறீர்கள். உங்கள் மகன் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருப்பானே, ஒருவேளை உங்கள் மகனே அந்தப் பையனாக இருக்கலாமே, அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தீர்களா? அதே படத்தில் ரோசலிட்டா என்ற பெண் அந்த வீட்டு வேலைக்கு வருகிறாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டம்மா சொல்வதை ஸ்பானிஷில் சொல்லும் பையன், இந்த வீட்டில் போதைமருந்து இருக்கிறது, சரியாக வேலை செய்யாவிட்டால் அடைத்துவைப்பார்கள் என்று இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி அவளை மிரட்டுகிறான். அதுவும் நகைச்சுவைக் காட்சி. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அந்த நேரம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் உங்களால் சிரிக்க முடியுமா?

இத்தனைக்கும் அந்தப் படத்தில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருக்கும் ஸ்லாத் என்பவனோடு தன் சாக்லேட்டைப் பகிர்ந்துகொண்டு, கடைசியில் நீ இனி என் வீட்டில் இரு என்று சொல்பவன் எல்லோரும் கேலி செய்த அதே சங்க்தான். கோல்ஃப் மைதானத்துக்காக அந்த நண்பன் வீட்டை எழுதிக்கொடுக்கப் போகும் நேரத்தில், அவனுடைய கோலிப் பையில் நகைக் கற்களைக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போடாதே என்று கத்துபவள் ரோசலிட்டா. இதைப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நீங்கள் சொல்வதில்லை.

‘டெம்பிள் ஆஃப் டூம்’ பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. கதை 1935இன் இந்தியாவில் நடக்கிறது. இங்கே படம்பிடிக்கக் கேட்டபோது, கதையைப் பார்த்த இந்திய அரசு மாற்றங்கள் வேண்டும் என்றது. படக்குழு இலங்கைக்குப் போய்விட்டது. நீங்கள் பார்க்கும் அந்த வறண்ட ‘இந்திய’க் கிராமம் கண்டிப் பக்கம் எடுத்தது. ஊர்ப் பெரியவராக வருபவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார, ஊர்மக்கள் பேசுவதும் சிங்களம். இலங்கையில் வளர்ந்தவர்களுக்குக் கேட்டவுடனே புரிந்துவிடும். பிறகு அரண்மனை விருந்து. பெரிய பாம்பின் வயிற்றைக் கீறினால் குட்டிகள் நெளிகின்றன, சூப்பில் கண்விழிகள் மிதக்கின்றன, கடைசியில் குரங்குத் தலைக்குள் குளிரவைத்த மூளை. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பலர், உங்கள் வீட்டில் குரங்கு மூளை சாப்பிடுவீர்களா என்று பள்ளியில் கேட்கப்பட்டதைப் பெரியவர்களான பிறகு எழுதியிருக்கிறார்கள். தெருமுனையில் காளியம்மன் கோயிலும் ஆடி மாதத்துக் கூழும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, அதே காளியின் பெயரால் மனித இதயத்தைப் பிடுங்குகிற சாமியார் காட்டப்படுகிறார். ஊர்ப் பிள்ளைகளை மீட்க அமெரிக்கர் வர வேண்டியிருக்கிறது, கடைசியில் துப்பாக்கியோடு வந்து காப்பாற்றுவது பிரிட்டிஷ் பட்டாளம். நீங்கள் சுரங்க வண்டித் துரத்தலுக்குக் கைதட்டிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறீர்கள். அந்தத் துரத்தல் அருமைதான், நானும் ரசிப்பேன். ஆனால் விருந்துக் காட்சியில் நிறுத்தி, “இது நம்ம ஊரா?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

அந்தப் படத்தில் ஷார்ட் ரவுண்டாக வரும் சிறுவன் கீ ஹுய் குவான். ‘கூனீஸ்’ படத்தில் விதவிதமான கருவிகளைக் கட்டிக்கொண்டு அலையும் டேட்டாவும் அவன்தான். சைகோனில் பிறந்து அகதியாகப் போனவன். வளர்ந்த பிறகு ஆசிய முகத்துக்கு வேடமே கிடைக்காமல் நடிப்பை விட்டுவிட்டு, வெகுகாலம் கழித்துத் திரும்பிவந்து 2023இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். அந்த ஆஸ்கரைப் பெற்றுத்தந்த படத்துக்கு அவருடைய ஒப்பந்தத்தைப் பேசி முடித்த வழக்கறிஞர் ஜெஃப் கோஹன், ‘கூனீஸ்’ படத்தில் வயிற்றைக் குலுக்கிய அதே சங்க். படம் முடிந்ததும் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை உங்களிடம் இருக்கிறதா?

‘பேக் டு தி ஃபியூச்சர்’ (1985) என்றால் உங்களுக்கு ஞாபகம் இருப்பது டிலோரியன் காரும் ஸ்கேட்போர்டும். நடன நிகழ்ச்சிக்கு வெளியே, நிறுத்தியிருக்கும் காருக்குள் பிஃப் என்பவன் நாயகனின் அம்மாவாகப்போகும் லொரெய்னைப் பலாத்காரம் செய்யப் பார்ப்பது ஞாபகம் இருக்கிறதா? அப்பாவாகப்போகும் ஜார்ஜ் வந்து ஒரு குத்து விடுகிறான், பிரச்சினை தீர்ந்தது. கடந்த காலத்துக்குப் போன நாயகன் கடைசியில் 1985க்குத் திரும்பினால் அதே பிஃப் அந்தக் குடும்பத்துக் காரைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறான். எல்லாம் சுபம். என் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, “அவன ஏன் இன்னும் வீட்டுக்கு வர விடுறாங்க?” என்று கேட்டாள். பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றினார்கள். பெண்பிள்ளை தானாக வாய்திறந்து கேட்ட கேள்வி அது. அதற்கு மேல் ஒரு வாசல் உங்களுக்கு யார் திறந்துவைப்பார்கள்?

அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை இந்தக் காலத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. அதற்காக வெட்டித் திருத்திக் காட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ‘ஈ.டி.’யின் இருபதாவது ஆண்டு விழாப் பதிப்பில் சிறுவர்களைத் துரத்தும் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை கம்ப்யூட்டரில் அழித்து வாக்கிடாக்கிகளாக மாற்றினார் ஸ்பீல்பெர்க். பின்னால் அவரே அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று வருந்தினார், 2012 பதிப்பில் துப்பாக்கிகள் திரும்பிவந்தன. படம் இருக்கிறபடி இருக்கட்டும். பக்கத்தில் இருக்க வேண்டியது நீங்கள்.

எப்படி இருப்பது என்று கேட்டால், ராப் ரைனரின் ‘தி பிரின்சஸ் பிரைட்’ (1987) படத்தில் வரும் தாத்தாவைப் பாருங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் பேரனுக்கு ஒரு கதைப் புத்தகத்தை வாசிக்கிறார். நீருக்குள் விழுந்த நாயகியை விலாங்குகள் நெருங்கும்போது பேரன் முகம் போகும் போக்கைப் பார்த்து வாசிப்பை நிறுத்திவிடுகிறார். பயப்படாதே, இப்போது அவளை அது தின்னாது என்கிறார். பயமெல்லாம் இல்லை என்று பேரன் ரோஷப்படுகிறான். பிறகு வாசிப்பைத் தொடர்கிறார். நாயகன் சாகும் இடத்தில் பேரன் கொதித்துப்போய், வில்லனாக வரும் இளவரசனை யார் கொல்லப்போகிறார்கள் என்று கேட்கிறான். யாரும் கொல்ல மாட்டார்கள், அவன் பிழைத்துப் போவான் என்று உள்ளதைச் சொல்கிறார் தாத்தா. பேரன் பொருமுகிறான். இதோடு நிறுத்திவிடலாமா என்று தாத்தா கேட்டதும், வேண்டாம், வாசியுங்கள் என்கிறான். ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்காமல், பிள்ளையின் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறார் அவர்.

வருகிற சனிக்கிழமை அந்தப் படத்தையே போடுங்கள். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் மட்டும் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுங்கள். நாயகன் வெஸ்ட்லியை மேசையில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் இடம் எங்கே வருகிறது, கடைசி வாள்சண்டையில் எவ்வளவு ரத்தம் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சின்னவளுக்கு அது இப்போது தாங்காது என்று பட்டால் அடுத்த வருஷம் போடலாம், படம் எங்கேயும் போய்விடாது. தாங்கும் என்று பட்டால் பக்கத்தில் உட்காருங்கள், முழுப் படத்துக்கும்.